தண்ணீரைப் பற்றி அண்ணனுக்கு எழுதிய கடிதம்

1

சாத்தூருக்கு நான் போகும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான். ஜெர்மனியில் என்ன வேலை? முதல் சில வருடங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லிப் பார்த்தேன். காற்றுப் பட்டால் உலோகத்தின் மேல் ஆக்சைடு என்று ஒரு தோல் படரும், அந்தத் தோலில் தண்ணீரும் ஹைட்ரஜனும் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்பது என் வேலை என்பேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு, அங்கே பொன்னி அரிசி கிடைக்கிறதா என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அண்ணன்தான் அதைச் சுருக்கினார். "எந்தங்கச்சி தண்ணியப் பத்திப் படிக்கா. அதுக்கு அங்கன சம்பளம் குடுக்கான்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அம்புட்டுப் பெருமை இருக்கும்.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். அண்ணன் சண்முகவேல் என்னைவிட ஒன்பது வயது பெரியவர். அச்சகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தாயில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன பயர் ஆபீஸைக் குத்தகைக்கு எடுத்தார். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதில்தான் என்னை மதுரையிலும் பிறகு சென்னையிலும் படிக்க வைத்தார். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் இருக்கன்குடிக்குக் கூட்டிப்போய் மாரியம்மன் முன்னால் நிறுத்தி, எனக்காக அவர் வேண்டிக்கொண்டது எனக்குக் கேட்டது. எனக்கு அப்பாவின் குரலைவிட அவர் குரல்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நேற்றோடு அந்த ஆபீஸில் தீப்பிடித்து ஒரு வருடம். என்னைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள் என்று தெரியும். வளர்த்த அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்பது ஒன்று. அண்ணனுக்காகப் பொய் எழுதிக் கொடுத்தவள் என்பது இன்னொன்று. என்ன நடந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது.

என் ஆய்வகத்தில் தடித்த எஃகில் செய்த ஒரு பாத்திரம் இருக்கிறது. நம் வீட்டுப் பொங்கல் பானை அளவுதான். அதிலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சி எடுப்போம். காற்று போய்விடும், தண்ணீர் போகாது. ஈரமே இல்லை என்று நாம் நினைக்கும் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பாத்திரத்தைச் சுற்றி இரண்டு நாள் சூடேற்றினால்தான் விடும். தண்ணீர் போன பிறகும் ஹைட்ரஜன் மிச்சம் இருக்கும். எஃகுக்குள்ளிருந்தே அது கசிந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு விரட்டிய தண்ணீரை, உள்ளே வைத்திருக்கும் ஆக்சைடுத் துண்டின் மேல் மறுபடி துளித்துளியாக விடுவோம். சில மூலக்கூறுகள் வந்தபடியே உட்கார்ந்திருக்கும். ஆக்சைடின் பரப்பில் ஓர் ஆக்சிஜன் விட்டுப்போன பள்ளம் இருந்தால் அங்கே விழுவது இரண்டாக உடையும். ஒரு பாதி பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். பிரிந்த ஹைட்ரஜன் பக்கத்து ஆக்சிஜன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். எது எங்கே போனது என்று கண்டுபிடிப்பதில்தான் என் பதினைந்து வருடம் போயிருக்கிறது.

நான் இருக்கும் ஜெர்மன் ஊரில் மழைக்குக் கணக்கே கிடையாது. நனைந்த மழைக்கோட்டோடு சைக்கிளில் போய், கோட்டை வாசலிலேயே தொங்கவிட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். மகள் இனியாவும் நானும் மட்டும்தான் வீட்டில். அவளுக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு போனில் பேசுவாள். இப்போது அதுவும் நின்றுவிட்டதால் அவள் வாயில் இருந்த கொஞ்சத் தமிழும் குறைந்துகொண்டு வருகிறது.

ஜெர்மனில் ஹைட்ரஜனை 'வாசர்ஷ்டோஃப்' என்கிறார்கள். தண்ணீரை ஆக்கும் சரக்கு என்று சொல்லலாம். வந்த புதிதில் அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அண்ணனுக்குப் போனில் சொன்னேன். "தண்ணிக்குள்ளயே தீப்பிடிக்கிற சரக்கு இருக்குன்னு சொல்லுத" என்றார். பள்ளிக்கூடப் பாடத்தை அவர் மறக்கவில்லை.

3

செல்லத்தாயும் நானும் சாத்தூர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சு. வேதியியல் செய்முறை வகுப்பில் என்னைவிட அவள்தான் கெட்டி. கொடுத்த உப்பு எது என்பதைச் சோதனைக்கு முன்பே மோந்து பார்த்துச் சொல்லிவிடுவாள். பிளஸ் டூ முடித்த கையோடு தாயில்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கிருந்து அண்ணனின் ஆபீஸுக்கு வேலைக்கு வந்தாள். அவளுக்கு ரசாயனம் தெரியும் என்று அண்ணனே அவளை மேற்பார்வைக்கு வைத்தார். என்னோடு வாட்ஸாப்பில் குரல் பதிவாகவே பேசுவாள். மகன் மார்க்கு, மாமியார் சண்டை, புதிதாக வந்த பட்டாசு ரகம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

போன வருடம் சீசன் சூடு பிடித்திருந்த நேரத்தில் ஒரு காலையில் அவளிடமிருந்து ஒரு பதிவு வந்தது. எங்கள் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கும் ரசாயனக் கலவை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜோதி, ஒன்னு கேக்கணும். முந்தாநாள் மழைக்கு மருந்து ரூம்பு மூலையில ஒழுகிருச்சு. அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் கலந்து வச்ச டிரம்முல ஈரம் எறங்கியிருக்கு. வெளிய தொட்டாலே வெதுவெதுன்னு இருக்கு. மூடியத் தெறந்தா மூத்திர வாடை. இது ஆகாதுன்னு எனக்குத் தோணுது. நீ என்ன சொல்லுத?"

அவள் மூக்கு தப்பவில்லை. அலுமினியத் தூளின் ஒவ்வொரு பொடி மேலும் ஆக்சைடுத் தோல் இருக்கிறது. நம் வீட்டு அலுமினியச் சட்டி தண்ணீரில் கரைந்து போகாமல் இருப்பது அந்தத் தோலால்தான். ஆனால் ஈரம் அங்கேயே தங்கிவிட்டால் தண்ணீர் உடைந்து உடைந்து தோலையே வேறொன்றாக மாற்றிவிடும். ஒருகட்டத்தில் உள்ளே இருக்கும் உலோகத்தைத் தொடும். அப்போது ஹைட்ரஜன் கிளம்பும், சூடு ஏறும். நைட்ரேட்டான வெடியுப்பும் சேர்ந்திருந்தால் அது அம்மோனியாவாக மாறும். மூத்திர வாடை அதனால்தான். அந்த அம்மோனியா மிச்சமிருக்கும் தோலையும் அரிக்கும். சூடு வெளியே போக வழியில்லாமல் ஒரு டிரம்முக்குள் இது நடந்தால், தீக்குச்சியே வேண்டாம்.

நீ நினைத்தது சரி, ஆட்களை உடனே வெளியே அனுப்பு, யாரும் டிரம்மைத் தொட வேண்டாம், அதை முறையாக அழிக்க வேண்டும் என்று பதில் அனுப்பினேன். உடனே அண்ணனையும் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மறுநாள் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. 'கொட்டி அழிச்சாச்சு பாப்பா. நீ வேலையப் பாரு.'

நான் வேலையைப் பார்த்தேன்.

4

பதினோராம் நாள் மதியம் ஆய்வகச் சாப்பாட்டு அறையில் இருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். மருந்து ரூம்பு போய்விட்டது என்றார். கலவை போடும் முத்தையா அண்ணாச்சி அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். நாலு பேருக்குத் தீக்காயம். அதில் செல்லத்தாய்க்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்திருந்தது. அண்ணன் அழுதார். அப்பா செத்த அன்றுகூட அவர் அழுததை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் மறுபடி கூப்பிட்டார். அதற்குள் குரல் தெளிந்திருந்தது. மழை ஈரத்தால் மருந்து தானாகவே பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் என்றேன். அதை ஆய்வகத்தின் பேர் போட்டு ஒரு கடிதமாக எழுதித் தரச் சொன்னார். வெளியே இருந்து எவனோ கங்கு போட்டான், சிகரெட் பிடித்தான் என்று ஆளாளுக்குக் கதை கட்டுகிறார்கள், உண்மை என்னவென்று அதிகாரிகளுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த டிரம்ம அழிச்சிட்டீகல்லண்ணே?"

"அது அன்னைக்கே போச்சு. இது வேற."

நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆய்வகத்தின் தாளில் எழுதக் கூடாது என்பதால் என் பெயரிலேயே, பட்டத்தையும் வேலையையும் போட்டு, இரண்டு பக்கம் எழுதினேன். ஆக்சைடுத் தோலில் தண்ணீர் எப்படி உடைகிறது, ஹைட்ரஜன் எப்படிச் சேர்கிறது, சூடு எப்படி ஏறுகிறது என்று படம் போட்டு எழுதினேன். ஒரு வரி தவறில்லை. அதில் இப்படி ஒரு வாக்கியமும் இருந்தது: கலவையைக் கையாள்பவர்கள் ஆரம்ப அறிகுறிகளான சூட்டையும் வாடையையும் கவனிக்கத் தவறினால் விபத்தைத் தவிர்ப்பது கடினம்.

எழுதி முடித்ததும் இனியாவிடம் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்துவிட்டு, மாமாவுக்குப் புரியுமா என்று கேட்டாள். மாமாவுக்கு எல்லாம் புரியும் என்றேன்.

5

செல்லத்தாயின் எண்ணுக்குப் பலமுறை கூப்பிட்டும் போகவில்லை. அவள் போன் தீயில் போய்விட்டது என்று அண்ணன் சொன்னார். ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறாள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒன்றரை மாதம் கழித்து, தெரியாத ஓர் எண்ணிலிருந்து அவளே பேசினாள்.

"நல்லாயிருக்கீகளா மேடம்?" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததுமே அவளைக் கைது செய்து மதுரை ஜெயிலில் பதினாறு நாள் வைத்திருந்தார்கள் என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மேற்பார்வையாளரின் கவனக்குறைவால் ஓர் உயிர் போனது என்று வழக்கு. ஜாமீனில் வந்த பிறகு அவளுக்கு அமர்த்தியிருந்த வக்கீல் ஒரு காகிதத்தைக் காட்டினாராம். வழக்கில் சேர்த்திருந்த என் கடிதம். கவனிக்கத் தவறினால் என்ற வாக்கியத்தின் கீழ் மஞ்சள் கோடு போட்டிருந்ததாம்.

"நீங்க எழுதுனதுல தப்பு இல்ல. எனக்கும் கெமிஸ்ட்ரி தெரியும். ஆனா நான் கவனிக்கலன்னு எழுதியிருக்கீகளே மேடம். நாந்தான ஒங்களுக்கே சொன்னேன்."

என்ன நடந்தது என்று கேட்டேன். டிரம்மை அழிக்கவில்லை. மொதலாளி வந்து பார்த்துவிட்டு, களத்தில் விரித்துக் காயப்போடச் சொன்னார். வெயிலில் வாடை போய்விட்டது. வடக்கே அனுப்ப வேண்டிய ஆர்டர் நின்றுகொண்டிருந்தது. காய்ந்ததைப் புது மருந்தோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொன்னார். செல்லத்தாய் வேண்டாம் என்றாள். தங்கச்சியிடம் கேட்டாச்சு, காய்ந்தால் ஒன்றும் ஆகாது என்று ஜோதியே சொல்லிவிட்டாள் என்றாராம் அண்ணன். அதற்குப் பிறகு அவள் தடுக்கவில்லை.

கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிவது காய்ந்தது ஆகாது என்பதைத்தான் பதினைந்து வருடமாக நான் படித்துக்கொண்டிருக்கிறேன். என் பெயரைச் சொல்லியே அதை அவளிடம் மறுத்திருக்கிறார்.

6

அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மறைக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது. மாட்டிக்கொண்டதாகவே அவருக்குத் தோன்றவில்லை. இதெல்லாம் எல்லா ஆபீஸிலும் செய்வதுதான், ஒரு டிரம்மைக் கொட்டினால் அடுத்த லோடு மருந்துக்கு எங்கே போவது என்றார். செல்லத்தாய்க்கு நல்ல வக்கீல் வைத்திருக்கிறேன், ரெண்டு வருடத்தில் ஒன்றுமில்லாமல் முடித்துவிடலாம் என்றார். அவர் உள்ளே போனால் ஆபீஸுக்கு சீல் விழும், எண்பது குடும்பம் தெருவில் நிற்கும் என்றார்.

"எம்பேரச் சொல்லி அவள ஏன்ணே ஏமாத்துனீக?"



"ஒம்பேரச் சொன்னாத்தான் கேப்பா. அதுக்குத்தான" என்றார்.

என் போனில் எல்லாம் இருக்கிறது என்று சொன்னேன். செல்லத்தாயின் பதிவு, என் பதில், அவர் அனுப்பிய ஒரு வரி. அவள் போன் எரிந்த பிறகு அவள் பேசியதும் நான் சொன்னதும் வேறு எங்கும் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

"ஒன்னப் படிக்க வச்சது இந்த மருந்துதான் பாப்பா. யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மிரட்டலாக அதைச் சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை. நான் ஒன்றும் செய்யமாட்டேன் என்ற நிச்சயம் அவர் குரலில் இருந்தது.

7

ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல்தான் இருந்தேன். ஆய்வகத்தில் காற்றை உறிஞ்சும் பம்பைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் இனியா ஒருநாள் என்னைப் பிடித்து உட்காரவைத்து, வழக்கமில்லாமல் தமிழில் கேட்டாள். "அம்மா, நீ பொய் எழுதுச்சா?"

இல்லை, எழுதியது எல்லாம் உண்மை என்றேன். பிறகு ஏன் அழுகிறாய் என்று ஜெர்மனில் கேட்டாள். விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, உன் போனில் இருப்பதை அனுப்பப் போவதாக அந்த ஆன்ட்டியிடம் சொன்னாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். என் அண்ணன் எனக்கு யார் என்பதை அவளுக்குப் புரியவைக்க என்னிடம் ஜெர்மன் சொற்கள் இல்லை. தமிழில் சொன்னால் அவளுக்கு முழுதாகப் புரியாது.

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். முதலில் இந்தியத் தூதரகம். என் கடவுச்சீட்டு ஜெர்மன் கடவுச்சீட்டு ஆகி ஆறு வருடம் ஆகிறது. உங்கள் வாக்குமூலத்தை உங்கள் நாட்டு நோட்டரியிடம் போய்ப் பதியுங்கள் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சொன்னார். உங்கள் நாடு என்று ஒரு தமிழர் வாயால் கேட்டது அதுதான் முதல்முறை. நோட்டரியோ, தனக்குப் புரியாத பதிவுகளோடு சேர்ந்த தாளில் முத்திரை வைக்கமாட்டேன், அதிகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள் என்றார். மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர், நல்ல மனுஷர். ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தார். வாசித்துப் பார்த்தால், மழையில் மாத்திரை மருந்து நனைந்துவிட்டதாகவும் அதிலிருந்து சிறுநீர் வாடை வந்ததாகவும் எழுதியிருந்தது. நோயாளிகள் யாராவது அதைச் சாப்பிட்டார்களா என்று நோட்டரி என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. மறுபடி திருத்தி, மறுபடி சந்திப்பு நேரம் வாங்கி, நீதிமன்றத்தில் இன்னொரு முத்திரை வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படிவத்திலும் குற்றம் சாட்டப்படுபவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணன் என்று எழுதினேன்.

முன்பு எழுதிய கடிதம் முழு விவரம் தெரியாமல் எழுதப்பட்டது, கலவையைக் கையாண்ட மேற்பார்வையாளர் அறிகுறிகளைச் சரியாகக் கவனித்து எனக்கும் தெரிவித்தார், நான் உரிமையாளருக்கு அன்றே தெரிவித்தேன் என்று வாக்குமூலத்தில் இருந்தது. குரல் பதிவுகளை அதோடு சேர்த்து, வழக்கை விசாரிக்கும் அதிகாரிகளுக்கு அனுப்பினேன்.

8

வழக்கிலிருந்து செல்லத்தாயின் பெயரை எடுத்துவிட்டார்கள். அண்ணனைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். ஆபீஸுக்கு சீல் வைத்தார்கள். அவர் சொன்ன எண்பது குடும்பமும் வேறு இடம் தேடிப் போனது உண்மைதான். அண்ணனிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

இந்த வருடம் சித்திரையில் ஊருக்குப் போனேன். இனியா வரவில்லை. வகுப்போடு எங்கேயோ போகிறேன் என்றாள், நானும் வற்புறுத்தவில்லை. சாத்தூரில் அண்ணன் வீட்டு வாசலில் மதினி நின்று, அண்ணன் ஊரில் இல்லை என்றார். உள்ளே அவர் இருமுவது கேட்டது. மதினிக்கும் கேட்டது.  பிறகு நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

முத்தையா அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவருடைய சம்சாரம் என்னை உட்காரச் சொன்னார். இன்னார் என்று சொன்னதும், எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை.

செல்லத்தாய் இப்போது ஏழாயிரம்பண்ணையில் ஓர் ஆபீஸில் இருக்கிறாள். மேற்பார்வை வேலை யாரும் தரவில்லை. கேஸில் பேர் வந்த பொம்பளை என்று தயங்குகிறார்களாம். பெட்டி மடிக்கிற வேலை. பழைய ஆபீஸில் கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அவளோடு பேசுவதில்லை. வேலைக்கு வேன் வரும் இடத்தில், காலை ஆறரை மணிக்கு அவளைப் பார்த்தேன். கைகளில் தோல் இறுகி, விரல்கள் முழுக்க மடங்காமல் இருந்தன. டிபன் வாளியை முழங்கை மடிப்பில் மாட்டியிருந்தாள். சௌக்கியம் விசாரித்தாள். இனியா என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். வாக்குமூலத்தை எழுதி அனுப்ப நான் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். மாத்திரை மருந்துக் கதையைச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பாதியில் நிறுத்தினாள்.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஒன்னே ஒன்னுதான் மனசுல கெடக்கு. கேக்கட்டா?"

கேளு என்றேன்.

"கொட்டியாச்சுன்னு மொதலாளி ஒங்களுக்குச் சொன்னாருல்ல. அதுக்கப்புறம் பத்து நாளு இருந்துச்சு. டிரம் போச்சான்னு எங்கிட்ட ஒரு வார்த்த நீங்க ஏன் கேக்கல?"

வேன் வந்து நின்றது. அவள் வெந்த கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல், முழங்கையை ஊன்றி ஏறினாள். உள்ளே இருந்த ஒரு பெண் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நான் சொல்லப்போகும் பதிலுக்காக அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.  வேன் போய்விட்டது.